செப்புச் சுரங்கமும் வோல்பேப்பரும்

வில்லியம் மொறிஸ் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை தொடர்பாக இதை எழுதுகிறேன். கட்டுரையை எழுதிய நண்பருடன் எனக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். அவர்மீது கோபம் ஏதுமில்லை. ஆனால் அவர் எழுதியதை எழுதியபடியே விட்டுவிடவும் மனம் வரவில்லை.

அவர் சொல்வது சுருக்கமாக இதுதான். ஓவியம், வடிவமைப்பு, சினிமா என்று படித்துவிட்டு நிற்கும் எங்கள் பிள்ளைகளைக் கணக்கியலுக்கும் கம்பியூட்டருக்கும் துரத்தாதீர்கள். சிறுவயதில் மனதைப் பிடித்த ஒன்றை விடாமல் வைத்திருந்தால் அதுவே ஒருநாள் தொழிலாகும், கொம்பனியாகும். இதற்கு அவர் காட்டும் சாட்சி மொறிஸ். பழைய தேவாலயங்களிலும் வீரக் கதைகளிலும் பைத்தியமாகத் திரிந்த ஒரு பொடியன், இங்கிலாந்திலேயே பேர்போன அலங்காரவேலைக் கொம்பனி ஒன்றை நிறுவினான். ஆகவே நீங்களும் செய்யலாம். பிள்ளைகளைத் துரத்தக்கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த "ஆகவே"யில்தான் பிரச்சினை.

நேரெதிரான குரலும் எங்களிடம் உண்டு. இதழ் வந்தபின் நடந்த வாசகர் சந்திப்பில் இன்னொரு நண்பர் எழும்பி, மொறிஸ் பணக்காரரின் வரவேற்பறைக்குத் திரைச்சீலை செய்துகொடுத்த ஒரு முதலாளி, அந்த ஆளைச் சோசலிஸ்ட் என்பது பகிடி என்று இரண்டே வசனத்தில் முடித்துவிட்டு இருந்தார். கைதட்டும் கிடைத்தது. இருவரும் வேறுவேறு திசையில் நின்றாலும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள் என்பது என் எண்ணம். இருவருமே கணக்குக் கொப்பியைத் திறந்து பார்க்கவில்லை.

திறந்தால் முதல் பக்கத்தில் இருப்பது கலை அல்ல, செப்பு. மொறிஸ் 1834 மார்ச் 24இல் வோல்தம்ஸ்ரோவில் பிறந்தார். தகப்பனார் லண்டன் நகரத்தில் உண்டியல் தரகர். 1844இல் டெவன் மாவட்டத்தில் தமார் ஆற்றங்கரையில் ஒரு செப்புச் சுரங்கம் தொடங்கியபோது, ஒரு பவுண் பங்குகள் 1,024 வெளியிடப்பட்டன. அவற்றில் 272 மொறிஸின் தகப்பனாரிடம் இருந்தன. செப்பு பெருந்தொகையாகக் கிடைத்தது. ஒரு பவுண் பங்கு 800 பவுண்வரை விலை ஏறியது. தகப்பனார் 1847இல் இறந்துபோனாலும் பங்குகள் குடும்பத்திடமே இருந்தன. மகனுக்கு 21 வயதானபோது அவர் பங்குக்கு வந்த சுரங்கப் பங்குகள் 13. அவை ஆண்டொன்றுக்கு 700 பவுணுக்கு மேல் வருமானம் தந்தன. அன்றைய கைத்தொழிலாளி ஒருவர் பத்து வருடம் உழைத்தாலும் அதைப் பார்ப்பது கஷ்டம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு இளமைக்காலத்தை வாசித்துப் பாருங்கள். 1853இல் ஒக்ஸ்போர்ட்டுக்குப் போனது பாதிரியாராவதற்கு. அங்கே பேர்ண்-ஜோன்ஸ் நண்பரானார். இருவருமாக றஸ்கினை வாசித்தார்கள், பிரான்சின் வடபகுதித் தேவாலயங்களைப் போய்ப் பார்த்தார்கள். 1855இல் லு ஹாவ்ர் துறைமுகத்தில் இரவு நடந்துகொண்டே பேசி, பாதிரிவேலை வேண்டாம், கலைதான் என்று முடிவெடுத்தார்கள். 1856இல் ஒரு சஞ்சிகை தொடங்கினார்கள். பன்னிரண்டு இதழ்களோடு நின்றுபோன அந்தச் சஞ்சிகைக்குக் காசு மொறிஸுடையது. (பன்னிரண்டு இதழ் என்பது எங்கள் கணக்கில் நீண்ட ஆயுள்.) அதே வருடம் ஸ்ட்றீற் என்ற கட்டடக் கலைஞரிடம் தொழில் பழகச் சேர்ந்து, வருடம் முடியுமுன் விட்டார். பிறகு றொசெற்றியின் சொற்கேட்டு ஓவியம். 1857இல் ஒக்ஸ்போர்ட் யூனியன் மண்டபச் சுவரில் நண்பர்களாகக் கூடி வரைந்த சித்திரங்கள், சுவரை ஒழுங்காகத் தயார்செய்யாமல் வெறும் வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் தீட்டியதால் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிட்டன. 1858இல் கவிதைத் தொகுதி ஒன்று போட்டார். அது விற்கவில்லை. சட்டம் போட்டு முடித்த ஓவியம் என்று அவர் பெயரில் இன்று ரேற் கலரியில் இருப்பது ஒன்றே ஒன்று.

பாதிரி, கட்டடக்கலை, ஓவியம் என்று ஐந்து வருடத்தில் மூன்று தொழில்களை எடுத்து மூன்றையும் விட்டவர். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் என்ன பெயர் வைப்போம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவருக்கு ஏன் யாரும் அந்தப் பெயரை வைக்கவில்லை? தமார் ஆற்றங்கரையில் பெண்கள் சுத்தியலால் செப்புக்கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான். நண்பர் "தேடல்" என்று அழகாக எழுதியிருக்கும் காலம் இதுதான். தேடலுக்கு யாரோ கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

ஆனால் இங்கேதான் இரண்டாவது நண்பரிடமிருந்தும் நான் பிரிகிறேன். சுரங்கக் காசு கையில் இருந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். குதிரை வாங்கினார்கள், சூதாடினார்கள், வேட்டைக்குப் போனார்கள். மொறிஸ் கதிரை செய்யப் போனார். றெட் லயன் சதுக்கத்தில் பேர்ண்-ஜோன்ஸுடன் வாடகைக்கு இருந்தபோது, கடையில் கிடைத்த தளபாடங்கள் எல்லாம் அசிங்கம் என்று தானே வரைந்து தச்சரைக்கொண்டு செய்வித்தார். 1859இல் ஜேன் பேர்டனை மணந்தார். குதிரைலாயத் தொழிலாளி ஒருவரின் மகள். அவர்களுக்காக பிலிப் வெப் பெக்ஸ்லிஹீத்தில் கட்டிய வீடு றெட் ஹவுஸ். அந்த வீட்டுக்குத் திரைச்சீலையும் கண்ணாடியும் மேசையும் நண்பர்களாகச் சேர்ந்து செய்தபோதுதான் கொம்பனி யோசனை வந்தது. 1861 ஏப்ரலில் ஏழு பங்காளிகள்: மொறிஸ், பேர்ண்-ஜோன்ஸ், றொசெற்றி, வெப், மடொக்ஸ் பிறவுண், மார்ஷல், போக்னர். ஆளுக்கு ஒரு பவுண் பங்குப்பணம். மொறிஸின் தாயார் கொடுத்த கடன் 100 பவுண். மார்ஷல் பொறியியலாளர், போக்னர் ஒக்ஸ்போர்ட்டில் கணிதம் படிப்பித்தவர். ஆரம்பத்தில் இது கொம்பனி என்பதைவிடக் கூட்டாளிகளின் கூத்து என்றால் பொருந்தும். கணக்கை ஒருவரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அவர்களைக் காப்பாற்றியது புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த தேவாலயங்களின் வர்ணக் கண்ணாடி யன்னல்கள். 1862 சர்வதேசக் கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. வேலைக்கு ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றிலிருந்து பொடியன்களைக் கூட்டிவந்து பழக்கினார்கள். இதை மொறிஸின் பெருந்தன்மை என்று எழுதுபவர்கள் உண்டு. மலிவான கூலி என்றும் எழுதலாம். இரண்டும் உண்மையாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

1865இல் வோறிங்டன் ரெய்லர் என்பவர் முகாமையாளராக வந்தார். கொழுத்த பள்ளிக்கூடத்தில் படித்து, நொடித்துப்போய், நாடகக் கொட்டகையில் ரிக்கற் பார்த்துக்கொண்டிருந்தவர். சயரோகக்காரர். படுக்கையில் கிடந்தபடி மொறிஸுக்கும் வெப்புக்கும் எழுதிய கடிதங்கள் முழுக்கத் திட்டுத்தான்: இந்த வேலைக்கு ஏன் குறைந்த விலை போட்டாய், வைனுக்கும் புத்தகத்துக்கும் ஏன் இவ்வளவு செலவழித்தாய், வெப்பின் சம்பளம் எங்கே. 1870இல் இறந்துபோனார். கொம்பனியை நிறுவியவர்கள் என்று ஏழு பேரைச் சொல்கிறோம். எட்டாவது ஆள் இவர்தான் என்று நான் சொல்வேன். இப்படி ஒருவர் இல்லாத காரணத்தால் நின்றுபோன சஞ்சிகைகளும் அச்சகங்களும் எங்களுக்குள் எத்தனை!

பிறகு செப்பு வற்றத் தொடங்கியது. 1870 அளவில் சுரங்க வருமானம் முந்தியதில் ஒரு சிறு பகுதியாகக் குறைந்துவிட்டது. கொம்பனியின் வருமானத்தில் சீவிக்கவேண்டிய கட்டாயம் மொறிஸுக்கு முதல் தடவையாக வந்தது. என்னைப் பொறுத்தவரை தொழில் நிறுவியது என்று சொல்வதானால் 1861ஐச் சொல்லக்கூடாது, 1875ஐத்தான் சொல்லவேண்டும். 1861இல் தொடங்கியது விளையாட்டு. 1875 மார்ச்சில் பழைய கூட்டைக் கலைத்து, மொறிஸ் அன் கொம்பனி என்று தனியாக எடுத்துக்கொண்டார். பேர்ண்-ஜோன்ஸும் வெப்பும் போக்னரும் எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்றார்கள். பிறவுண், றொசெற்றி, மார்ஷல் மூவரும் பங்கு கேட்டார்கள். பல மாத இழுபறிக்குப்பின் ஆளுக்கு 1,000 பவுண் கொடுக்கப்பட்டது. பிறவுணுடன் நெடுங்காலம் பேச்சுவார்த்தை இல்லை.

மொறிஸின் சரித்திரத்தை எழுதியவர்களில் பலர் இந்த இடத்தில் பங்கு கேட்டவர்களைப் பேராசைக்காரர் போலவும் கேட்காதவர்களைப் புனிதர் போலவும் காட்டுகிறார்கள். 1899இல் முதல் சரித்திரத்தை எழுதிய மக்கெயில், பேர்ண்-ஜோன்ஸின் மருமகன். அவரிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம்? பிறவுணின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பதின்மூன்று வருடம் கொம்பனிக்கு வரைந்துகொடுத்தவர், கொம்பனியின் பெயர் வளர்ந்ததில் அவருடைய பெயருக்கும் பங்கு உண்டு. உழைத்தது மொறிஸ்தான், முதல் போட்டதும் அவர்தான் என்பதும் உண்மை. நட்பாகத் தொடங்கியதில் எழுத்தில் ஒன்றுமில்லை. எழுத்தில் இல்லாததால்தான் சண்டை.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. 1995இல் நாங்கள் மூன்று பேர், ஆளுக்கு 400 பவுண் போட்டு, தென்லண்டனில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் அச்சகம் ஒன்று தொடங்கினோம். பழைய ஓஃப்செற் மெஷின் ஒன்று, கம்பியூட்டர் ஒன்று. நோக்கம் கவிதைத் தொகுதிகளும் மொழிபெயர்ப்புகளும் போடுவது. சோறு போட்டது கலியாணக் காட், சாமத்தியச் சடங்குக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வெட்டு. (ஊர் தெரியாத இளைய வாசகர்களுக்கு: கல்வெட்டு என்பது முப்பத்தோராம் நாள் அடிக்கும் நினைவு மலர்.) மொறிஸுக்குத் தேவாலய யன்னல் எப்படியோ எங்களுக்குக் கல்வெட்டு அப்படி. கவிதைத் தொகுதி மூன்று போட்டோம். அவற்றில் ஒன்றின் பிரதிகள் இன்னும் என் கட்டிலின் கீழ் கிடக்கின்றன. 1998இல் குலைந்தோம். குலைந்தது கொள்கையால் என்று அப்போது வெளியில் சொன்னோம். உண்மையில் அந்த 400 பவுணை யார் எப்போது எடுப்பது, மெஷின் யாருக்கு என்பதுதான். இரண்டு வருடம் முகம் பாராமல் இருந்தோம். நான்காவதாக ஒருவர் இருந்தார் என்பது அப்போது மூன்று பேருக்கும் நினைவில் வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மொறிஸ் 1875க்குப்பின் செய்ததுதான் எனக்கு அவரில் பிடித்த பகுதி. சந்தையில் விற்ற இரசாயனச் சாயங்கள் பளிச்சென்று இருந்து பின் அசிங்கமாக வெளிறுவதைக் கண்டு, பழைய தாவரச் சாயங்களை மீட்கப் புறப்பட்டார். லீக் என்ற ஊரில் தோமஸ் வார்டில் என்ற சாயக்காரரின் பட்டறைக்குப் போய், நாற்பதைத் தாண்டிய வயதில், மரக்கட்டைச் செருப்புடன் தொட்டிக்குள் கைவிட்டு நின்றார். முழங்கைவரை நீலம். 1881இல் வான்டில் ஆற்றங்கரையில் மேர்ட்டன் அபியில் பழைய பட்டறை ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்தார். நான் இருக்கும் ரூட்டிங்கிலிருந்து அடுத்த ஸ்ரேஷன் கொலியேர்ஸ் வூட். அங்கிருந்து நடந்து போகலாம். அங்கே இன்று வார இறுதிச் சந்தை நடக்கும் கட்டடங்கள் லிபேர்ட்டி கொம்பனியின் அச்சுக்கூடம். மொறிஸுடையது அருகில் இருந்தது, இப்போது இல்லை. ஆறு மட்டும் ஓடுகிறது.

அங்கே 1883இல் அச்சிட்ட சீலைதான் ஸ்ட்ரோபெறி திருடும் குருவிகள். இன்று தேநீர்க் கோப்பையிலும் குடையிலும் பார்க்கிறோமே, அது. முதலில் சீலை முழுவதையும் அவுரி நீலத்தில் தோய்த்து, நிறம் வேண்டாத இடங்களை மரக்கட்டை அச்சால் வெளிறவைத்து, கழுவி, பிறகு சிவப்பும் மஞ்சளும் ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும். நாட்கணக்கான வேலை. ஆகவே விலையும் அப்படி. அவுரியைப் பற்றி நண்பரின் கட்டுரை "இயற்கையின் நிறம்" என்று மகிழ்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்த அவுரியின் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வந்தது. அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட வங்காள விவசாயிகள் 1859இல் கிளர்ந்தெழுந்தார்கள். எங்கள் பக்கத்துக் கதையும் அதுதான்: ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிவப்புச் சாயத்துக்கான சாயவேரைக் கிண்டிக் கொடுப்பது சில சாதியார்மேல் சுமத்தப்பட்ட கடமை. இந்தியக் கைவினைகளை ஆங்கில வணிகம் அழித்ததை மொறிஸ் 1879இல் பர்மிங்காம் உரையில் கண்டித்திருக்கிறார். அது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்காகவே சொல்கிறேன்.

நஞ்சுக் கதையையும் சொல்லவேண்டும். சுரங்கத்தில் செப்புக் குறைந்தபின் ஆசனிக்கு எடுத்தார்கள். தொழிலாளர் மூக்கில் பஞ்சு அடைத்து, தோலில் களி பூசிக்கொண்டு வேலை செய்தார்கள். அந்தக் காலத்துப் பச்சை வோல்பேப்பர்களில் ஆசனிக்கு கலந்த நிறம் இருந்தது. 2003இல் அண்ட்றூ மெஹார்க் என்ற விஞ்ஞானி மொறிஸின் ஆரம்பகால வோல்பேப்பர் ஒன்றைச் சோதித்து, பச்சையில் ஆசனிக்கு இருப்பதை நேச்சர் இதழில் எழுதினார். மொறிஸ் 1871 முதல் 1875வரை அந்தச் சுரங்கக் கொம்பனியின் இயக்குநர்களில் ஒருவர். விலகியபின் அந்தப் பதவிக்காக வைத்திருந்த உயர்ந்த தொப்பியின்மேல் ஏறி இருந்து நசித்தாராம். நல்ல கதை, எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் 1885இலும், அதாவது சோசலிஸ்டான பிறகும், ஆசனிக்குப் பயம் வைத்தியர்களின் மூடநம்பிக்கை என்று வார்டிலுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தொப்பி நசிந்த கதையுடன் இதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

இனி சோசலிசம். 1883இல் ஜனநாயகக் கூட்டமைப்பில் சேர்ந்தார். 1884 முடிவில் அதிலிருந்து பிரிந்து சோசலிஸ்ட் லீக். (பிரிவதில் நாங்கள் மட்டும் கெட்டிக்காரர் அல்ல.) தெருமுனையில் பேசினார், கொமன்வீல் பத்திரிகையின் நட்டத்தைத் தன் காசில் சுமந்தார். பணக்காரரின் பன்றித்தனமான ஆடம்பரத்துக்கு ஊழியம் செய்தே என் வாழ்நாள் போகிறது என்று, ஒரு பணக்காரரின் வீட்டை அலங்கரித்துக்கொண்டிருக்கும்போதே அவரிடம் கத்தியதாகச் சொல்வார்கள். அப்படியானால் உன் கொம்பனி இலாபத்தை ஏன் தொழிலாளருக்குப் பங்கிடவில்லை என்று அன்றே கேட்டார்கள். வாசகர் சந்திப்பில் எழும்பிய நண்பரின் கேள்வியும் அதுவே.

மொறிஸ் இதற்கு 1884 ஜூனில் ஜோர்ஜியானா பேர்ண்-ஜோன்ஸுக்கு எழுதிய கடிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார். மேலாளர் நிலையில் உள்ள சிலருக்கு ஏற்கனவே பங்கு உண்டு. தனக்கு வருடத்தில் வருவது சுமார் 1,800 பவுண். வாரம் நான்கு பவுணில் தன் குடும்பம் சீவிக்கலாம் என்று வைத்தால் மிச்சம் சுமார் 1,600. தொழிலாளர் ஏறக்குறைய நூறு பேர். ஆளுக்கு வருடம் 16 பவுண். அது அவர்களுக்கு உதவும், ஆனால் அவர்களின் நிலையை மாற்றாது, அவர்கள் தொழிலாளராகவே இருப்பார்கள் என்கிறார். நோயுள்ள மகளும் மனைவியும் தன்னை நம்பியிருப்பதையும் சொல்கிறார்.

ஈ.பி. தொம்சன் 1955இல் எழுதிய பெருநூல் மொறிஸை மீண்டும் புரட்சிக்காரனாக எங்களிடம் தந்தது. அதற்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இந்த வாதத்தை அது எளிதாகவே ஏற்றுக்கொள்கிறது என்பது என் கருத்து. 1991இல் ஹார்வி, பிறெஸ் என்ற இருவர் கொம்பனியின் கணக்கு வழக்குகளைத் தோண்டி எழுதிய நூல், மொறிஸ் விபரமான வியாபாரி என்று நிறுவுகிறது. கனவுகாணும் கவிஞன் என்ற பழைய படம் அதோடு போயிற்று. எனக்கு இரண்டு நூலும் தேவைப்பட்டன. ஆளுக்கு 16 பவுண் நிலையை மாற்றாது என்பது கோட்பாட்டில் சரி. தொட்டியடியில் நிற்பவருக்கு 16 பவுண் என்பது பல வாரக் கூலி. அதைக் கொடுப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்க அவரிடம் யாரும் கேட்கவில்லை. மொறிஸும் கேட்கவில்லை. பிழை அங்கேதான்.

ஆயினும் அந்த மனிதர் கணக்குப் போட்டார். தன் வருமானத்தைத் தொகையோடு எழுதி, தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, திருப்தியில்லாத ஒரு விடையையும் எழுதி வைத்தார். கலைக்காகவும் விடுதலைக்காகவும் இனத்துக்காகவும் சஞ்சிகையும் அச்சகமும் நடத்திய நாங்கள் எப்போதாவது அப்படி எழுதினோமா? எங்களிடம் இலாபம் இருக்கவில்லை என்பது பதிலல்ல. கூலியில்லாத வேலை இருந்தது.

வோல்தம்ஸ்ரோவில் மொறிஸ் குடும்பம் 1848 முதல் 1856வரை இருந்த வீடு 1950இலிருந்து அவர் பெயரில் அருங்காட்சியகம். அங்கே போனால் தையல் வேலைகளைக் கவனியுங்கள். ஜேனும் தங்கை பெஸியும் ஊசி பிடித்தவை றெட் ஹவுஸ் காலத்திலேயே தொடங்குகின்றன. மகள் மே 1885இல், 23 வயதில், கொம்பனியின் தையல் பிரிவைப் பொறுப்பெடுத்தார். ஹனிசக்கிள் வோல்பேப்பர் அவர் வரைந்தது. ஆனால் வாங்குபவருக்கு எல்லாம் "மொறிஸ்"தான். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பது வசதியாகிவிட்டது. ஏழு பங்காளிகளில் பெண் ஒருவரும் இல்லை.

எங்களவர் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. 1891இல் மொறிஸ் ஹமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்கொற் அச்சகத்தைத் தொடங்கினார். ஐம்பத்துமூன்று நூல்கள் அங்கே வெளிவந்தன. அவற்றில் பெரியது 1896இல் வந்த சோசர்: கடதாசியில் 425 பிரதி, விலை 20 பவுண். அதே வருடம் ஒக்டோபர் 3இல் மொறிஸ் இறந்தார். அந்த அச்சு இயந்திரம் ஆஷ்பி என்பவரின் கைவினைச் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து ஆனந்த குமாரசுவாமியின் கைக்கு வந்தது. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பில் பிறந்தவர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தன் பெருநூலை 1907 செப்ரெம்பரிலிருந்து 1908 டிசெம்பர்வரை அந்த இயந்திரத்திலேயே அடித்தார். அதுவும் 425 பிரதி. தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்தவர், சிங்களக் கம்மாளரின் வேலையைப் பற்றி, ஓர் ஆங்கிலச் சோசலிஸ்டின் அச்சில். இன்று இப்படி ஒரு வசனத்தை எழுதவே கை கூசுகிறது. அவருக்கும் பரம்பரைச் சொத்து இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. அந்த நூலுக்குப் பல படங்களை எடுத்த மனைவி எத்தெல் பின்னாளில் தன் சொந்தத் தறியாலும் சாயத்தாலும் பேர்பெற்றார். எங்கள் ஆட்கள் கணவரை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த நான்காவது ஆள். எங்கள் அச்சகத்தில் தமிழ் எழுத்துக் கோத்தவர் பங்காளிகளில் ஒருவரின் மனைவி. எனக்கு அக்கா முறை. பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, இரவு பத்து மணிக்குமேல் வந்து கம்பியூட்டருக்கு முன் இருப்பார். எங்கள் எழுத்துப் பிழைகளைச் சொல்லாமல் திருத்தியதும் அவர்தான். மூன்று வருடம். 1998இல் நாங்கள் 400 பவுணுக்குச் சண்டை பிடித்தபோது அவருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அட்டையில் "எழுத்தமைப்பு" என்று போட்டு அச்சகத்தின் பெயரைத்தான் எழுதியிருந்தோம்.

மொறிஸின் கடிதத்தை மறுபடி படித்தபின் ஓர் இரவு நானும் இருந்து கணக்குப் போட்டேன். வாரத்துக்குப் பத்து மணித்தியாலம், குறைந்தது 150 வாரம், 1,500 மணித்தியாலம். அந்த வருடங்களில் இந்த நாட்டில் ஆகக்குறைந்த கூலிச் சட்டம் இல்லை. 1999 ஏப்ரலில் வந்தபோது மணித்தியாலத்துக்கு 3.60 பவுண். அதையே எடுத்துக்கொண்டேன். 5,400 பவுண். மற்ற இரண்டு பேருக்கும் அனுப்பினேன். ஒருவர் இப்போது இல்லை, அவருடைய மகன் வாசித்துவிட்டு என்ன இது என்று கேட்டான். மற்றவர், அதாவது அக்காவின் கணவர், பதில் போடவில்லை. அக்கா ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, கணக்கு வடிவாய்ப் போட்டிருக்கிறீர். ஆனால் நான் அடிச்சதெல்லாம் இரவிலை. இரவு வேலைக்கு எங்கடை இல்லத்திலையே ஒண்டரை மடங்கு குடுத்தவை."

நான் பகல் கூலிதான் போட்டிருந்தேன்.